பேட்டரி என்று யார் சொல்வது?

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். உன் மாமனாரும் மாமியாரும்கூட சுகம். அதை நான் ஏன் எழுதுகிறேன் என்று யோசிக்காதே, இன்னமும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். போனில் சொன்னால் கூடத்தில் இருப்பவர் காதில் விழும் என்பதால் இந்தக் கடிதம்.

சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள். போன சனிக்கிழமை பெட்டியெல்லாம் வண்டியில் ஏற்றி, நாங்கள் வாசலில் நின்று கையும் ஆட்டியாகிவிட்டது. சம்பந்தி சாவியைத் திருப்பினார். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். விளக்கைப் போட்டால் மங்கி மங்கி எரிகிறது. பானட்டைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பேட்டரி முனை வெள்ளையாகப் பூத்துப்போய், கம்பி தொளதொளவென்று ஆடுகிறது. சுரண்டித் துடைத்து இறுக்கினால் தீர்ந்தது வேலை. நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "பிளக்குதான் சம்பந்தி, சந்தேகமே இல்ல" என்றார். பெண்ணைக் கொடுத்த இடம். வண்டியும் அவருடையது. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

அன்றோடு என் நிம்மதி போச்சு. பிளக்கையெல்லாம் கழற்றி, என் புது பல் பிரஷ்ஷைப் பழசு என்று நினைத்து அதாலேயே தேய்த்தார். அடுத்து ஏர் ஃபில்டர் என்றார், அதைக் கொடியோரமாக நின்று தட்டியதில் உன் அம்மா துவைத்துப் போட்ட விரிப்பெல்லாம் மறுபடி ஊறப்போட வேண்டியதாயிற்று. அப்புறம் பியூஸ். அப்புறம் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கு, தள்ளினா சரியாயிடும் என்றார், நானும் மூச்சு வாங்க பாதித் தெரு தள்ளினேன், அங்கே போன பிறகுதான் அவர் சாவியைத் திருப்பவே இல்லை என்று தெரிந்தது, திரும்பவும் வீடு வரைக்கும் பின்னால தள்ளினதும் நான்தாம்மா. தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிடலாமா என்று கேட்டேன். "இந்த வண்டியில வேற கை பட்டதே இல்ல" என்றார். பட்டிருந்தால் தேவலையே என்று நினைத்துக்கொண்டேன். ஜாடையாவது காட்டுவோம் என்று பேட்டரிப் பக்கம் நின்று இருமினேன். "சளியா சம்பந்தி?" என்று என்னை உள்ளே அழைத்துப் போய் வெந்நீர் குடிக்க வைத்தார்.

என் நாற்காலி இப்போது அவருடையது. விடிந்ததும் பேப்பரை வரி விடாமல் உரக்கப் படிக்கிறார், விளம்பரம் உள்பட. உன் மாமியார் அலமாரியை ஒழுங்கு பண்ணியதில் உன் அம்மாவுக்கு உப்பு எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. "பேட்டரின்னு சொன்னா உங்க நாக்கு என்ன தேய்ஞ்சா போயிடும்?" என்று ராத்திரி என்னைத்தான் காய்ச்சுகிறாள். நான் எப்படிம்மா சொல்லுவேன்? சொன்னா, இத்தனை நாள் ஏன் சொல்லலேன்னு கேக்க மாட்டாரா?

ஆகவே, நீதான் எங்களைக் கரையேற்ற வேண்டும். மாப்பிள்ளையிடம் பக்குவமாகப் பேசு. அவர் தன் அப்பாவுக்குப் போன் போட்டு, தனக்கே தோன்றியதுபோல், "பேட்டரிக் கம்பியைப் பாருங்கப்பா" என்று சொல்லட்டும். என் பேர் வெளியே வரக் கூடாது.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், மனதில் இருப்பதை வாய்விட்டுப் பேசி, பல்லாண்டு நன்றாக வாழ வேண்டும்.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் ஒரு விஷயம். இன்று சம்பந்தி குளிக்கப் போன நேரம் பார்த்து நானே போய் முனையைச் சுரண்டிக் கம்பியை இறுக்கிவிட்டேன். ஒரே திருப்பில் வண்டி கிளம்பியது. குழாய்ச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. அணைத்துவிட்டு இறங்கப் போனேன், சமையலறையில் உன் அம்மாவும் உன் மாமியாரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. உனக்குக் கல்யாணமாகிப் போன பிறகு உன் அம்மா அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. இவர்கள் கிளம்பிவிட்டால் நாளைக்குச் சாப்பாட்டு மேசையில் மறுபடி நாங்கள் இரண்டு பேர்தானே என்று நினைத்தேன், எனக்குத் தாங்கவில்லை அம்மா. கம்பியைத் தளர்த்திவிட்டு வந்துவிட்டேன். மாப்பிள்ளையிடம் ஒன்றும் சொல்லாதே. சம்பந்தி குளித்துவிட்டு வந்ததும், ரேடியேட்டர் மேல் எனக்கே ஒரு சந்தேகம் இருப்பதாகச் சொல்லப் போகிறேன்.