மங்களம் இல்லாத கேஸட்

அபிராமபுரம்,
14.3.1999

சிரஞ்சீவி சாய்நாத்துக்கு அப்பா கஸ்தூரிரங்கன் அநேக ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் க்ஷேமம். அப்படித்தான் எழுத வேண்டும் என்பதால் எழுதியிருக்கிறேன். முட்டிவலி இருக்கிறது. இட்லி மாவை மந்தைவெளிக் கடையில் வாங்கிக்கொள்கிறேன், அது புளிக்கிறதே தவிரப் பொங்குவதில்லை. அம்மாவின் கிரைண்டர் போன வருஷம் மூடிய துணியோடு அப்படியே இருக்கிறது. பாஸ்டனில் குளிர் குறைந்ததா?

நீயும் உன் மூன்று சிநேகிதர்களுமாக வாசித்துப் பதிவு செய்த கேஸட் கிடைத்தது. கூடவே, "அப்பா, கேட்டுட்டு உங்க அபிப்பிராயத்த எழுதுங்கோ. நாலாவது பாட்ட மட்டும் கவனிச்சுக் கேளுங்கோ" என்று ஒரு துண்டுச் சீட்டு. ஒரு மணி நேரத்துக்கு ஐந்தே பாட்டு. பாட்டு என்று நீ சொல்வதால் நானும் சொல்கிறேன். ஆரம்பித்து ஏழு நிமிஷம் ஒரே ஸ்வரத்தில் ரீங்காரம், டேப்ரிக்கார்டர்தான் போய்விட்டது என்று நினைத்து இரண்டு தட்டுத் தட்டினேன். அதற்கப்புறம் நீங்கள் நால்வரும் சேர்ந்து ஒரு இரும்பு பீரோவை மாடிப்படியில் இறக்குகிறீர்கள், மிகவும் மெதுவாக, ஒவ்வொரு படியாக. எங்கோ தூரத்தில் ஒருவன் கதறுகிறான். அது நீதான் என்று புரிந்தது. பாதியில் நிறுத்திவிட்டேன்.

இதற்கு நான் என்ன அபிப்பிராயம் எழுதுவேன்? முப்பத்திரண்டு வருஷம் ரயில்வேயில் வேலை பார்த்தவன். சரி, விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதுவோம் என்று போன ஞாயிறு நம் வீட்டு மாடியில் கூடிய ரசிகர் வட்டத்தில் இதையே போட்டேன். மகன் வாசித்தது என்று சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை, நீ தப்பாக நினைக்காதே. வெளிநாட்டுச் சங்கீதம், ஒரு சிநேகிதர் அனுப்பினார் என்றேன். எங்கள் வட்டத்தின் சட்டம் உனக்குத் தெரியும்: மங்களம் முடியும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது, அப்புறம்தான் காபி, அப்புறம் அவரவர் அபிப்பிராய நோட்டில் எழுத வேண்டும். சட்டம் போட்டவன் நான். ஆனால் உன் கேஸட்டில் மங்களம் எங்கே இருக்கிறது? போதாக்குறைக்கு நீ வாங்கித் தந்துவிட்டுப் போன டேப்ரிக்கார்டர், ஒரு பக்கம் முடிந்ததும் தானாகவே மறுபக்கத்துக்குத் தாவுகிற ஜாதி. ஒவ்வொரு முறை சத்தம் அடங்கும்போதும் முடிந்தது என்று நிமிர்ந்து உட்காருவோம், உடனே பழையபடி ரீங்காரம் கிளம்பும். நாலு மணிக்கு ஆரம்பித்தது ஆறரை வரை போயிற்று. பால் மூன்று முறை சுண்டியது. எனக்கு இருந்த கலக்கத்தில் நானே கவனிக்கவில்லை.

கீழ் வீட்டு லாசருக்கு மீன் கொண்டுவரும் தேசம்மா இல்லாவிட்டால் இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருப்போம். நாலரைக்கு வந்து போனவள் ஆறரைக்குத் திரும்பும்போது தெருவில் நின்று குரல் கொடுத்தாள்: "இன்னா சார், வர்றப்போ ஓடின அதே பாட்டு இன்னும் ஓடிக்கினு கீது? ரெண்டு தபா சுத்திடுச்சு சார், நிறுத்து!"

மாடியில் இருந்த ஒன்பது ரசிகர்களுக்கும் முகத்தில் ஈயாடவில்லை. ஏனென்றால் சுப்பராமன் அதற்குள்ளேயே நோட்டை வாங்கி, "முற்பகுதியைவிடப் பிற்பகுதியில் நல்ல முதிர்ச்சி தெரிகிறது" என்று கையெழுத்துப் போட்டு எழுதியிருந்தார். அம்பி, "உருக்கம் உண்டு, சுருக்கம் இல்லை" என்று எழுதினார், அவர் பாதி நேரம் குறட்டை. பாட்டு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆன சுந்தரவல்லி மட்டும் கடைசி வரை தொடையில் தாளம் போட்டுப் பார்த்தாள். "ஒரு ஆவர்த்தனம் முடியறதுக்குள்ள சாம்பார் கொதிச்சு எறக்கிடலாம் போலருக்கு, ரங்கண்ணா. அதுகூடப் போறது, அந்த நாலாவது பாட்டு என்ன, யாரோ கரண்ட்ட நிறுத்தினாப்பல டக்குனு நிக்கறது? முடிக்கத் தெரியாதவா எதுக்கு ஆரம்பிக்கணும்?" என்றாள். நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன்.

எல்லோரையும் வழியனுப்பக் கீழே இறங்கினேன். தேசம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வாசலிலேயே நின்றாள். "யாரு சார் அந்த ஆளு? பெத்தவள வாரிக் குடுத்துட்டு அழுவுறான் போலக் கீது. வாயி வுட்டு அழத் தெரியல அவனுக்கு" என்றாள். அவளுக்கு நம் வீட்டு விஷயம் ஒன்றும் தெரியாது. யாரோ வெளிநாட்டுக்காரன் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஆகையால் சாய்நாத், நான் சொல்ல வந்தது இதுதான். அம்மா போனபோது உனக்குப் பத்தாம் நாள்தான் விமானம் கிடைத்தது, ஐந்து நாள் இருந்தாய், நாம் இரண்டு பேரும் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை, சரி. அதற்காக இப்படி ஊரறியக் கதற வேண்டுமா? படித்த படிப்பைப் பார். இந்த பீரோ இறக்குகிற வேலையை இத்துடன் விட்டுவிடு. இனிமேல் இந்த மாதிரி எனக்கு எதுவும் அனுப்ப வேண்டாம். கேஸட்டை இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு. காதில் குளிர் போகாமல் பார்த்துக்கொள். சகல சௌபாக்கியங்களோடும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று கபாலீஸ்வரரை வேண்டிக்கொள்ளும்,

உன் அப்பா,
கஸ்தூரிரங்கன்.

பின்குறிப்பு: கேஸட் உறையில் இருக்காது, தேடாதே. அதை உள்ளே வைக்கும் முன் நாலாவது பாட்டைத் தனியாக ஒரு தரம் கேட்டேன். அப்புறம் போய்க் கிரைண்டர் மேலிருந்த துணியை எடுத்துவிட்டு, காலியாகவே சுவிட்சைப் போட்டேன். அதே ரீங்காரம், அதே சுருதி, கல் இடிக்கிற அதே டொக் டொக். நீ இங்கே இருந்த ஐந்து நாளில் ஒரு மத்தியானம் கிரைண்டரை வெறுமனே ஓடவிட்டு அதன் எதிரே உட்கார்ந்திருந்தாய். கல் தேய்கிறது என்று சொல்லி நான் வந்து அணைத்தேன். உன் மடியில் இருந்தது வாக்மேன் என்று நினைத்தேன், அது பதிவு பண்ணுமென்று எனக்குத் தெரியாது. சுந்தரவல்லியிடம் நாளைக்குப் போய்ச் சொல்ல வேண்டும், அந்தப் பாட்டை முடிக்கத் தெரியாதவன் நான்தான் என்று. அரிசியும் உளுந்தும் ஊறப் போட்டிருக்கிறேன், தண்ணீர் எவ்வளவு விடுவது என்று தெரியவில்லை. லீவு கிடைத்தால் வா. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஓடட்டும், நான் அணைக்க மாட்டேன்.