பழைய பில்டை நீக்கப் போகிறோம்

"காலையில பதினோரு பேர்தான் சார் திட்டியிருந்தாங்க."

"இப்போ?"

"எண்ணுறதை நிறுத்திட்டேன்."

நிதானம் கையில் எடுத்த காபியைக் குடிக்காமலே மேசையில் வைத்தார். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. எதற்கெடுத்தாலும் "நிதானமா செய்வோம்" என்று சொல்லிச் சொல்லி அலுவலகத்தில் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டுவிட்டது. உண்மைப் பெயர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. அதையும் அவர் பெரும்பாலும் திருப்பித்தான் போட்டிருப்பார்.

அவருடைய குழு செய்துகொண்டிருந்தது ஒரு கருவி. மென்பொருள் எழுதுகிறவர்கள் காலையில் வந்ததும் திறந்து, சாயங்காலம் போகும்போது மூடுவார்களே, அந்த மாதிரி. எழுதிய துண்டுகளையெல்லாம் ஒன்றாகக் கூட்டிச் சேர்த்து, ஓடுகிற மென்பொருளாக ஆக்கித் தருவதற்குப் பெயர் பில்டு. கருவியில் அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று இருபது வருஷத்துப் பழசு. இன்னொன்று புதுசு.

"வெள்ளிக்கிழமை வர்ற பதிப்புல பழசு இருக்கக்கூடாது," என்று டைரக்டர் மேடம் போன வாரமே சொல்லிவிட்டார். "ரெண்டு தடவை தள்ளிப் போட்டாச்சு. மூணாவது தடவையும் தள்ளினா, இந்த டீமுக்கு வேற ஆளைப் போட்டுடுவேன்."

"ஆகட்டும் மேடம். நிதானமா..."

"நிதானமா வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள்ள."

நிதானம் திட்டம் போட்டார். பழசை எடுப்பது ஒரு மணி நேர வேலை. அதைக் கடைசியில், வெள்ளிக்கிழமை காலையில் செய்துகொள்ளலாம். கஷ்டமான வேலை, பழசைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஜனங்களைச் சமாதானப்படுத்துவது. அதை முதலில் முடித்துவிட வேண்டும். திங்கட்கிழமை காலை அறிவிப்பு ஒன்று போட்டார். 'பழைய பில்டை நீக்கப் போகிறோம்' என்று நான்கே நான்கு வார்த்தைகள். தேன்கூட்டில் குச்சியை விட்ட மாதிரி ஆயிற்று.

"என்னதான் சொல்றாங்க?" என்று கேட்டார்.

அவருக்கு அடுத்த நிலையில் இருந்த பொறியாளனை எல்லோரும் தாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் அந்தத் தாடியைத் தடவிக்கொண்டே கடிதங்களைப் படித்தான். "'இருபது வருஷமா என்னைக் கைவிடாத பில்டு. அதை எடுக்க உங்களுக்கு மனசு எப்படி வந்தது?' இது ஒருத்தர். 'நீங்க பழசை எடுத்ததுலேர்ந்து என் கம்ப்யூட்டர் சூடாகுது.' இது இன்னொருத்தர்."

"இன்னும் எடுக்கவே இல்லையேய்யா."

"அதைச் சொன்னேன் சார். எடுக்காதப்பவே இவ்வளவு சூடுன்னா, எடுத்தப்புறம் எவ்வளவு சூடாகும்னு கேக்கறார்."

போன் அடித்தது. மனைவி.

"சீக்கிரம் வீட்டுக்கு வாங்க. அண்ணன் வந்திருக்கார்."

"உங்கண்ணனா? மூணு வருஷமா வரலையே. என்ன விசேஷம்?"

"விசேஷம்தான். உங்க அறிவிப்பைக் காகிதத்துல அடிச்சுக் கையோட கொண்டுவந்திருக்கார்."

மச்சான் ஒரு லிஃப்ட் கம்பெனியில் மென்பொருள் பிரிவுக்குத் தலைவர். ஐம்பது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் எந்த மாடியில் நிற்க வேண்டும், எப்போது கதவைத் திறக்க வேண்டும் என்பதெல்லாம் அவருடைய ஆட்கள் எழுதுவதுதான். அத்தனையும் பழைய பில்டில்.

நிதானம் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் மச்சான் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை," என்றார், தன் வீடு மாதிரி. "பொண்ணு கொடுக்கறதுக்கு முன்னாடி உங்களைப் பத்தி நாலு இடத்துல விசாரிச்சோம். தங்கமான பையன், யார் வம்புக்கும் போகமாட்டான்னு சொன்னாங்க."

"இப்பவும் போறதில்லையே மச்சான்."

"அப்ப என் பில்டு வம்புக்கு ஏன் வந்தீங்க?"

"புதுசு நல்லாயிருக்கும் மச்சான். வேகமா முடியும்."

"எனக்கு வேகம் எதுக்கு? பில்டை ஓடவிட்டுட்டு நான் டீ குடிக்கப் போறவன். அது பாட்டுக்கு வேகமா முடிஞ்சுதுன்னா பாதி டீயில எந்திரிச்சு வரணுமா?"

"பதில் சொல்லுங்களேன். அண்ணன் கேக்கறார்ல," என்றாள் மனைவி.

"ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவுல லிஃப்ட் நின்னா, நீங்க வந்து இறக்குவீங்களா மாப்பிள்ளை?"

"பில்டு மாறினா லிஃப்ட் நிக்காது மச்சான்."

"இது வரைக்கும் நின்னதில்லை. அதுக்குக் காரணம் பழசு. இதுக்கு மேல நான் சொல்லணுமா?"

மேலே சொல்ல வேண்டியதை மனைவி சொன்னாள். அண்ணன் பில்டுக்கு ஏதாவது ஆனால், தான் இரண்டு மாசம் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு வரப்போவதாகவும், பிள்ளைகளின் பரீட்சை, கேஸ் சிலிண்டர், மாடிக் குழாயில் ஒழுகுகிற தண்ணீர் எல்லாவற்றையும் அவர் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் தெரிவித்தாள்.

நிதானத்துக்கு நிலைமை வெட்டவெளிச்சமாகப் புரிந்தது. பழசை எடுத்தால் வீட்டில் இடமில்லை. எடுக்காவிட்டால் ஆபீஸில் இடமில்லை.

செவ்வாய்க்கிழமை அவருக்கு ஒரு யோசனை வந்தது. "முரட்டுத்தனமா சொல்லிட்டோம். அதான் கோபம். இதமா சொல்லணும்," என்றார். பழைய பில்டை யாராவது ஓட்டினால் திரையில் ஒரு சின்னக் கட்டம் வரும்படி தாடி ஏற்பாடு செய்தான். 'அன்பரே, பழைய பில்டு விடைபெறும் நேரம் நெருங்குகிறது. புதியதை ஒருமுறை முயன்று பார்க்கலாமே.' கீழே 'சரி' என்று ஒரு பட்டன். எல்லோருடைய கருவிக்கும் அன்றே போய்ச் சேர்ந்துவிட்டது.

மத்தியானம் மச்சான் போன் செய்தார்.

"மாப்பிள்ளை, என்கிட்ட அறுபது பேர் வேலை பாக்கறாங்க. ஒவ்வொருத்தனும் காலையிலேர்ந்து நாப்பது தடவை சரி, சரின்னு அழுத்தியிருக்கான். ஒருத்தன் வீட்டுக்குப் போன் பண்ணி, பொண்டாட்டி என்ன கேக்கறான்னு தெரியாமலே சரின்னு சொல்லிட்டான். இப்ப அவங்க வீட்டுக்கு நாய்க்குட்டி வருது."

"நாய் நல்லதுதானே மச்சான்."

"ரெண்டு நாய்."

கட்டத்தை எடுக்கச் சொன்னார் நிதானம். எடுத்த அரை மணியில் புதுசுக்காரர்களிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. 'பழசுகளுக்குப் பயந்துவிட்டீர்களா? நாங்கள் கஷ்டப்பட்டு மாறினோமே, எங்களுக்கு என்ன மரியாதை?' என்று ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருந்தார்.

"இத்தனை நாள் இவங்க இருக்கிற இடமே தெரியாது சார்," என்றான் தாடி. "திருப்தியா இருக்கிறவங்களையும் கிளப்பி விட்டுட்டோம்."

"ரெண்டு பேருக்கும் பொதுவா ஏதாவது செய்யணும்."

"ஒரு பட்டன் போடலாம் சார். இந்தப் பக்கம் தள்ளினா பழசு, அந்தப் பக்கம் தள்ளினா புதுசு. அவங்கவங்க பார்த்து முடிவு பண்ணிக்கட்டும். புதுசை ஒரு தடவை ருசி பார்த்துட்டா தானா அந்தப் பக்கம் போயிடுவாங்க."

புதன்கிழமை பட்டன் போயிற்று. வியாழக்கிழமை காலை தாடி கடிதக் கட்டைப் பிரித்தான்.

"'பட்டனைப் பழசுக்குத் தள்ளினேன். போன உயிர் திரும்பி வந்தது.'"

"அடுத்தது?"

"'புதுசுக்குத் தள்ளிப் பார்த்தேன். அதுலேர்ந்து பிரிண்டர் ஓடலை.'"

"பிரிண்டருக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்? புதுசுக்காரங்க என்ன சொல்றாங்க?"

"'வேடிக்கைக்காகப் பழசுக்குத் தள்ளினேன். மாட்டு வண்டியில ஏறின மாதிரி இருந்தது. குளிச்சுட்டுத்தான் வேலையைத் தொடர்ந்தேன்.' ஒரு கம்பெனியில இந்தப் பக்கம் தள்றவங்க தனி மேசையிலயும் அந்தப் பக்கம் தள்றவங்க தனி மேசையிலயும் உட்கார்ந்து சாப்பிடறாங்களாம். ஒரு நிச்சயதார்த்தம் தள்ளிப் போயிருக்கு. பொண்ணு புதுசாம்."

நிதானம் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். வீட்டில் மனைவி பெட்டியைக் கீழே இறக்கித் துடைத்து வைத்திருந்தாள். இன்னும் துணி அடுக்கவில்லை. அந்த அளவில் நம்பிக்கை இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை டைரக்டர் மேடம் கூட்டம் கூட்டினார். பழசுக்காரர்கள் சார்பில் மச்சான் வந்திருந்தார், டையெல்லாம் கட்டிக்கொண்டு. அவர் இவரை 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டுவிடப் போகிறாரே என்று நிதானம் மேசையின் மறுகோடியில் போய் உட்கார்ந்தார்.

"எடுக்கச் சொன்னேன். பட்டன் போட்டு அலங்காரம் பண்ணி வச்சிருக்கீங்க," என்று ஆரம்பித்தார் மேடம்.

"எடுக்கறது ஒரு மணி நேர வேலைதான் மேடம். நீங்க சொன்னா இப்பவே..."

"ஒரே நிமிஷம்மா," என்று எழுந்தார் மச்சான். "எடுக்கறதுக்கு முன்னாடி என் லிஃப்ட் மென்பொருளை இங்கயே ஓட்டிக் காட்டறேன். பார்த்துட்டு அப்புறம் தூக்குல போடுங்க."

கணினியை இணைத்தார்கள். பட்டனைப் பழசுக்குத் தள்ளினார் மச்சான். தாடி கடிகாரத்தைப் பிடித்தான். மூன்று நிமிஷம் நாற்பது விநாடி. பிறகு புதுசுக்குத் தள்ளினார். மூன்று நிமிஷம் நாற்பத்திரண்டு விநாடி.

"ரெண்டு விநாடி," என்றார் மச்சான், விரல் இரண்டைத் தூக்கி. "அறுபது பேர், ஆளுக்கு நாப்பது தடவை. கணக்குப் போட்டுப் பாருங்க. இந்தக் காலத்துல வேகம்தானேம்மா முக்கியம்?"

நிதானம் அவரையே பார்த்தார். மச்சான் கூரையைப் பார்த்தார்.

மேடம் நம்பவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து தானே ஓட்டிப் பார்த்தார். இப்படித் தள்ளினார். அப்படித் தள்ளினார். கண்ணை மூடிக்கொண்டுகூட ஒரு தடவை ஓட்டினார்.

"ஆமா," என்றார் கடைசியில், குரல் தழைந்து. "பழசுல ஒரு பதம் இருக்கு. புதுசுல எங்கயோ இடிக்குது. நானும் பழசுலதான் தொழில் கத்துக்கிட்டேன், மறந்தே போச்சு."

"எனக்கும் அப்படித்தான் மேடம் தோணுச்சு. சொல்லத் தயக்கமா இருந்தது," என்றான் தாடி. நேற்று வரை அவன் புதுசுக்காரன்.

மேடம் எழுந்தார். "பழசு இன்னும் பத்து வருஷம் இருக்கும். அதைப் பேணிக் காப்பாத்தத் தனிக்குழு போடறேன். ஆறு பேர். ஜன்னல் பக்கத்து அறை. தலைவர் நிதானம்தான். இந்த மனுஷன் மட்டும் அவசரப்பட்டு எடுத்திருந்தா, நம்ம கதி என்ன ஆயிருக்கும்?"

கைதட்டினார்கள். மச்சான் எல்லோர் முன்னிலையிலும் "மாப்பிள்ளை!" என்று கட்டிப்பிடித்தார். நிதானத்துக்கு அப்போது அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. மனைவிக்குப் போன் செய்து, பெட்டியை மறுபடி பரண்மேல் ஏற்றிவிடலாம் என்று சொன்னார். சாயங்காலம் வரும்போது குழாய் ரிப்பேர்காரனையும் அழைத்து வருவதாக வாக்குக் கொடுத்தார்.

கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். பழைய பில்டு பகுதி முழுவதும் ஒரு காலத்தில் அவள் பொறுப்பில்தான் இருந்தது. பிரசவத்துக்கென்று போனவள், ஒரு வருஷ விடுப்பு முடிந்து அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

"வாம்மா, வா," என்றார் மேடம். "நல்ல நேரத்துல வந்தே. பழைய பில்டைக் காப்பாத்தக் குழு போட்டிருக்கோம். முதல் ஆள் நீதான். ரெண்டையும் ஓட்டிப் பார்த்தோம், பழசுதான் அருமை. என்னம்மா அப்படி முழிக்கறே?"

அவள் திரையைப் பார்த்தாள். பட்டனைப் பார்த்தாள். டை கட்டிய மச்சானைப் பார்த்தாள்.

"பழசை நான் லீவுல போறதுக்கு முந்தின நாளே எடுத்துட்டேனே மேடம், பேரு மட்டும்தான் மிச்சம், ஒரு வருஷமா எல்லாருக்கும் ஓடறது புதுசுதான், அந்தப் பட்டனை எந்தப் பக்கம் தள்ளினாலும்."