சூரை அண்ணன் தின்ற மூன்று துண்டு

பெண்ணுக்காக உருகியவர்களைப் பார்த்திருக்கிறேன், பதவிக்காக உருகியவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு மீனுக்காக உருகியவர் எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒருவர்தான்.

மலாய் நாட்டை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் கிள்ளான் லைனில் ஓடிய ரயிலில் அவர் பயர்மேன். இன்ஜினுக்கு விறகு போடும் வேலை. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். நாங்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் முழுக்க ‘சூரை அண்ணே’ தான். யாராவது நலம் விசாரித்தால் போதும், சூரை மீனின் ஜாதகத்தையே விரித்துவிடுவார்.

“அது நிக்கவே கூடாது தம்பி. வாயத் தொறந்துக்கிட்டே ஓடணும். ஓடுனாத்தான் செவுள்ல தண்ணி போகும், நின்னா மூச்சு போச்சு. உள்ள காத்துப் பையும் கெடையாது, ஓட்டம் நின்னா நேரா அடியிலதான். ஓடி ஓடி ரத்தமே சூடா இருக்கும். நம்ம இன்ஜின் மாதிரி லா.”

“அப்ப கெம்போங் மீனு, நம்ம கானாங்கெளுத்தி?”

“அது தம்பி முறை. ஒரே குடும்பம், ஆனா வீரம் பத்தாது.”

ஒருமுறை நண்பர் மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பையன் எப்படி என்று கேட்டார்கள். “சூரை மாதிரி, ஒரு எடத்துல நிக்க மாட்டான்” என்று இவர் பெருமையாகச் சொன்னார். பெண் வீட்டார் எல்லோரையும் வந்த வழியே அனுப்பிவைத்தார்கள்.

நான் அப்போது ஜப்பானிய அதிகாரிகளின் மெஸ்ஸில் சமையல்காரன். ஒருநாள் கிள்ளானிலிருந்து அவருடைய ரயிலிலேயே ஒரு கூடை சூரை வந்தது. ஐஸ் கிடையாது, காலையிலிருந்து வெயில். கூடையை நான் இறக்கும்போதே அண்ணன் இன்ஜினிலிருந்து கத்தினார்.

“சூடு பிடிச்ச சூரை பொல்லாதது. பாக்க நல்லாத்தான் இருக்கும். ஒரு துண்ட நாக்குல வச்சுப் பாரு, மிளகு மாதிரி சுர்ருன்னா தூக்கிப் போட்டுடு.”

கண் பளபளப்பாக இருந்தது, நாற்றமும் இல்லை. இவருக்கு வேறு வேலை இல்லை என்று சிரித்துக்கொண்டே குழம்பு வைத்தேன்.

மதியம் சாப்பிட்ட ஐந்து அதிகாரிகளுக்கும் அரை மணிக்குள் முகம் செக்கச் செவேல் என்று ஆகிவிட்டது. உடம்பெல்லாம் தடிப்பு, அரிப்பு. விஷம் வைத்துவிட்டேன் என்று கேப்டன் என்னை முட்டி போட வைத்து, வாளை உருவி மேசைமேல் வைத்தார். எனக்குக் குலதெய்வத்தின் பெயர்கூட வாயில் வரவில்லை.

செய்தி ஸ்டேஷனுக்குப் போய், அண்ணன் கரியும் வேர்வையுமாக வந்து நின்றார். நேரே சட்டியில் விரலை விட்டு நக்கினார். முகம் மலர்ந்துவிட்டது.

“துவான், இது விஷம் இல்ல. சூடு பிடிச்ச சூரை. எவ்வளவு கொதிக்க வச்சாலும் அந்தக் காரம் சாகாது. நான் சாப்பிடுறேன். செத்தா இவனை வெட்டுங்க. செவந்தா விட்டுடுங்க” என்றார் ஓட்டை மலாயில்.

மூன்று துண்டு தின்றார். பிறகு அறைக்குள் நடக்க ஆரம்பித்தார். இருபது நிமிஷம் ஒன்றும் இல்லை. கேப்டனின் கை வாள் பக்கம் போனது. அப்போது அண்ணனின் காது சூடேறியது, கழுத்தில் தடிப்பு கிளம்பியது, கறுத்த முகம் செம்புச் சட்டி நிறமானது.

“வந்துடுச்சு, துவான்” என்றார், பிள்ளை பிறந்த சேதி சொல்வதுபோல.

முகம் சிவந்த ஐவரும் முகம் சிவந்த இவரைப் பார்த்தார்கள். முதலில் கேப்டன்தான் சிரித்தார். சாயங்காலத்துக்குள் ஆறு பேருக்கும் அரிப்பு அடங்கியது. என்னை விட்டார்கள். அதோடு ஓர் உத்தரவும் பிறந்தது: இனி மீன் ஐஸில்தான் வர வேண்டும், பயர்மேனின் நாக்கு சம்மதித்த பிறகே அடுப்பேற வேண்டும். அண்ணன் அன்று பிரிக்பீல்ட்ஸ் தெருவில் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். தேர்கூட அவ்வளவு மிடுக்காக வந்ததில்லை.

பின்னாலேயே நடந்த நான் ஓடிப்போய் அவரைப் பிடித்தேன்.

“அண்ணே, வேற எவனாவது நெசமாவே விஷம் வச்சிருந்தா?”

கழுத்தைச் சொறிந்துகொண்டே திரும்பிப் பார்த்தார்.

“சமைச்சது நீதானே?”

பெற்ற தாய்கூட என் சமையலை அவ்வளவு நம்பியதில்லை.