தொங்குமஞ்சத் தேர்வுக் குழுவும் இரண்டாவது மரமும்

உழைத்து முன்னேறிய அலுவலகங்கள் உலகத்தில் ஆயிரம் உண்டு. ஓய்வெடுத்து முன்னேறிய அலுவலகம் ஒன்றே ஒன்றுதான். கடைத்தெருத் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை குத்தும் அந்த எடை அளவை அலுவலகம், ஊழியர்களின் மனச்சோர்வைப் போக்க 'காட்டோர ஓய்வு முகாம்' நடத்துவது என்று தீர்மானித்த நாளை வரலாறு பொன்னெழுத்துகளில் பொறிக்கும். பொறிக்க மறந்தால் நினைவூட்டுக் கடிதம் போகும்.

முகாம் என்றால் கூடாரம். கூடாரம் யார் வேண்டுமானாலும் அடிப்பார்கள். ஆகவே இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டி, அதில் ஏறிப் படுத்து, காற்றில் ஆடியபடியே சோர்வைத் தொலைக்கும் 'தொங்குமஞ்சம்' ஒன்றும் வாங்கவேண்டும் என்று தலைமை அளவையாளர் கட்டளையிட்டார். ஊழியர்கள் பத்தொன்பது பேர். தொங்குமஞ்சம் ஒன்று. பணி மூப்பு வரிசைப்படி படுக்கலாம்.

அந்த வரிசையில் பத்தொன்பதாவது ஆள் முத்திரைக்காரர். தராசுக்கு ஈயத்தில் முத்திரை குத்துவதும், கம்பியை முறுக்கி முடிச்சுப் போடுவதும் அவர் வேலை. ஆள் நூற்றுப் பதினெட்டு கிலோ. புதிய மேடைத் தராசு எது வந்தாலும் முதலில் அவரைத்தான் ஏற்றிப் பார்ப்பார்கள் என்பதால், அவருடைய எடை மட்டும் துறைப் பதிவேட்டில் கிராம் சுத்தமாக இருந்தது. அலுவலகத்தில் அவருக்கு 'எடைக்கல்' என்றே பெயர்.

அவருக்குத் தொங்குமஞ்சமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். முகாம் நடக்கும் அதே சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு அவருடைய எட்டு வயது மகள் பள்ளி நாடகத்தில் காவல்காரனாக மேடை ஏறுகிறாள். அவளுக்கு ஒரே ஒரு வசனம். அந்த ஒன்றை ஒன்றரை மாதமாகக் குளியலறையிலும் சாப்பாட்டு மேசையிலும் கத்திக் கத்தி, மேல்வீட்டுக்காரருக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. போன வருஷ நாடகத்துக்கு முத்திரைக்காரர் போகவில்லை. அதற்கு முந்தைய வருஷமும் போகவில்லை. இந்த வருஷம் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். அதற்காக ஒரு மாதம் முன்பே அரைநாள் விடுப்பும் கேட்டு எழுதினார்.

"முகாமே ஓய்வுதான?" என்று கேட்டார் தலைமை அளவையாளர்.

"ஆமா சார்."

"ஓய்வுல இருக்கும்போது லீவு கேக்கறீங்களே, ஓய்வுக்கு மேல ஓய்வா? ஒரு ஆளுக்கு ரெண்டு சலுகை குடுத்தா மத்தவங்க சோர்வு என்ன ஆகறது?"

இந்த நியாயத்துக்கு எதிர் நியாயம் யாரிடமும் இருக்காது. விடுப்பு விண்ணப்பம் கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அந்த அலுவலகத்தில் முதலில் ஓய்வெடுத்தது அதுதான்.

தொங்குமஞ்சத் தேர்வுக் குழுவில் மூன்று பேர். தலைமை அளவையாளர், அவர் தும்மினால் தானும் தும்முகிற உதவி அளவையாளர், பண்டக அறையின் சாவியை இடுப்பை விட்டு இறக்காத பண்டகக் காப்பாளர் அம்மா. குழு ஆறு முறை கூடியது. வலையா துணியா என்பதிலேயே இரண்டு கூட்டம் போனது.

"வலைன்னா காத்தோட்டமா இருக்கும் சார். ஆனா எழுந்திரிக்கும்போது முதுகுல கட்டம் கட்டமா பதிஞ்சிரும்" என்றார் பண்டக அம்மா.

"அதிகாரி முதுகுல கட்டமா!" உதவி அளவையாளர் எழுந்தே நின்றுவிட்டார். "துணியே வாங்கிரலாம் சார்."

"ரெண்டு பக்கமும் கட்டை வெச்சு விரிச்ச மாதிரி ஒண்ணு வருதே, அது?"

"பாக்க லட்சணமா இருக்கும். திரும்பிப் படுத்தா ஆளைக் குப்புறக் கவுத்துரும் சார்" என்றார் பண்டக அம்மா.

"கவுக்கறதுக்கு நம்ம ஆபீஸ்லயே ஆள் இருக்கு, கட்டை எதுக்கு?" என்று தலைமை அளவையாளர் சொல்ல, குழு குறிப்பேட்டில் 'சிரிப்பு' என்று பதிவாயிற்று. "ஒருத்தர் படுக்கறதா, ரெண்டு பேர் படுக்கறதா?"

"ரெண்டு பேர் படுக்கறதே வாங்கிரலாம் சார். உங்களுக்கும் உங்க பதவிக்கும் இடம் வேணும்ல?" என்றார் உதவி அளவையாளர்.

எத்தனை கிலோ தாங்கவேண்டும் என்பதுதான் பெரிய சிக்கல். ஊர் எடையை எல்லாம் சரிபார்க்கும் அலுவலகத்தில், தலைமை அளவையாளரின் எடை மட்டும் யாருக்கும் தெரியாது. கேட்கிற துணிச்சலும் யாருக்கும் கிடையாது. நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கும் கம்பீரத்தை வைத்து இருநூறு கிலோ என்று குழு ஒருமனதாக மதிப்பிட்டது. வந்து சேர்ந்த தொங்குமஞ்சத்தைப் பண்டக அறை உத்தரத்தில் கட்டி, இருபது கிலோ இரும்புக் கற்கள் பத்தை அதில் படுக்க வைத்தார்கள். நீளவாக்கில் படுத்தால் முதுகு வளையும், குறுக்காகச் சாய்ந்து படுத்தால்தான் நேராக இருக்கும் என்று செய்முறைத் தாளில் போட்டிருந்ததால், கற்களும் குறுக்காகவே படுக்க வைக்கப்பட்டன. மூன்று நாள் கழித்துப் பார்த்தபோது பத்துக் கற்களும் நன்கு ஓய்வெடுத்த நிலையில் இருந்ததாகச் சான்றளிக்கப்பட்டது. முத்திரைக்காரர் முத்திரை குத்தினார்.

இப்படி முள்முனை அளவும் பிசகாமல் தேர்ந்தெடுத்த தொங்குமஞ்சத்தோடு சனிக்கிழமை காலை ஜீப்பும் வேனும் ஆற்றங்கரைப் புல்வெளியில் போய் நின்றன. அருமையான இடம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பச்சைப் புல். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரே ஒரு மரம்.

"இடத் தேர்வுக் குழு அறிக்கைய எடுங்க" என்றார் தலைமை அளவையாளர்.

எடுத்தார்கள். 'மரம்: உண்டு' என்று தெளிவாக இருந்தது. தப்பு சொல்ல வழியில்லை. உண்டுதானே?

"கூடாரக் கம்புல கட்டலாமா?"

"வளைஞ்சிரும் சார்."

"ஜீப்புல கட்டுங்க."

"ஜீப் போக்குவரத்துப் பிரிவோடது சார். அதை மரமாப் பயன்படுத்தணும்னா முன் அனுமதி வாங்கணும்" என்றார் உதவி அளவையாளர். சொன்னவர் கண் மெதுவாக நகர்ந்து, கூடாரத்துக்கு முளை அடித்துக்கொண்டிருந்த நூற்றுப் பதினெட்டு கிலோவின் மேல் போய் நின்றது. "சார், நம்ம எடைக்கல் அண்ணன் இருக்காரே."

நிர்வாக மேதைமை என்பது இதுதான். மரத்திலிருந்து சரியாக நாலரை மீட்டர் அளந்தார்கள். அங்கே பாதி புதைந்த பாறை ஒன்று கிடந்தது. அதில் காலை உதைத்துக்கொண்டு முத்திரைக்காரர் பின்னால் சாயவேண்டும், இடுப்பில் கயிறு. கயிறு முப்பது பாகை சரிவில் இருக்கிறதா, மஞ்சம் நாற்காலி உயரத்தில் தொங்குகிறதா என்று அளவுகோல் வைத்துப் பார்த்தார்கள். மரப்பட்டை நோகாமல் இருக்க அகலமான நாடா இரண்டு கூடவே வந்திருந்தன. ஒன்றை மரத்துக்குச் சுற்றினார்கள்.

"இன்னொண்ண எனக்குச் சுத்துங்கம்மா, கயிறு அறுக்குது" என்றார் முத்திரைக்காரர்.

"நாடா மரத்துக்குத்தான்னு போட்டிருக்கு. ஊழியருக்குக் குடுக்க விதி இல்லையேப்பா" என்று பண்டக அம்மா உண்மையான வருத்தத்தோடு சொல்லி, அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

தலைமை அளவையாளர் ஏறிக் குறுக்காகப் படுத்தார். கயிறு இறுகியதும் முத்திரைக்காரரின் இடுப்பு எடை போட்டுவிட்டது. ஐம்பத்து மூன்று கிலோ. இத்தனை காலம் அலுவலகமே நடுங்கியது இந்த ஐம்பத்து மூன்று கிலோவுக்கா! மிச்சமெல்லாம் நாற்காலியின் கனம் போலிருக்கிறது.

"சார், எனக்கு மூணு மணி பஸ்ஸு. பொண்ணு நாடகம்…"

"இப்ப நீங்க யாரு?" என்று மஞ்சத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

"முத்திரை…"

"மரம். பதிவேட்டுல எழுதியாச்சு. மரம் எண் ஒண்ணு, இயற்கை. மரம் எண் ரெண்டு, தற்காலிகம். மரத்துக்கெல்லாம் லீவு விதி கிடையாது. ஆட்டுங்க, லேசா."

முத்திரைக்காரர் லேசாக ஆட்டினார். ஐந்து நிமிஷத்தில் குறட்டை கிளம்பியது. மனச்சோர்வு போகிற சத்தம் அப்படித்தான் இருக்கும்.

மணி ஒன்று, இரண்டு, இரண்டரை. மற்றப் பதினேழு பேரும் தங்கள் முறை வரட்டும் என்று புல்லில் காத்திருந்து, காத்திருந்து, புல்லிலேயே நன்றாகத் தூங்கிவிட்டார்கள். முத்திரைக்காரரின் சட்டைப் பையில் போன் அடித்தது. ஒரு கையால் எடுத்தார்.

"அப்பா, கிளம்பிட்டீங்களா?"

"இதோ கிளம்பிட்டே இருக்கேன் கண்ணு."

"ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"ஓய்வெடுக்கறேன்டா."

"மீசை ஒட்டியாச்சுப்பா. டீச்சர் சிரிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. நீங்க முன்னால உக்காருங்க, சரியா? நீங்க வரலைன்னா வசனம் மறந்துரும்." கொஞ்சம் நிறுத்தி, "வருவீங்கதான?" என்று கேட்டாள்.

அந்தக் கடைசிக் கேள்விதான் அவரைப் போட்டுக் கொன்றது. இரண்டு வருஷம் ஏமாந்த பிள்ளை கேட்கிற கேள்வி அது. முத்திரைக்காரர் போனைப் பையில் போட்டார். உதவி அளவையாளரைக் கூப்பிட்டு எழுப்பினார்.

"சாரைக் கொஞ்சம் எழுப்பி விடுங்க சார். ஒரு நிமிஷம் இறங்கட்டும்."

"தூங்கற அதிகாரியை எழுப்பற அதிகாரம் அவருக்கு மேல இருக்கறவங்களுக்குத்தான் உண்டு."

"அப்ப நீங்க வந்து இந்தக் கயித்தப் பிடிங்க."

"நான் எப்படி? வரிசையில ரெண்டாவது படுக்கப் போறவன் நான். படுக்கறவனே மரமா நின்னா முரண்பாடாயிரும்" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் புல்லில் சாய்ந்தார்.

மணி இரண்டு நாற்பது. முத்திரைக்காரர் கடைசி வழியாக முறைப்படி அனுமதி கேட்டார். "சார், நான் போய்ட்டு வரேன் சார்."

மஞ்சத்துக்குள்ளிருந்து, "ம்" என்று வந்தது.

எத்தனையோ வருஷமாக எந்தக் கோப்பை நீட்டினாலும் தலைமை அளவையாளர் நிமிர்ந்து பாராமல் சொல்வது அந்த 'ம்' ஒன்றைத்தான். அதை வைத்துத்தான் ஊர்த் தராசுகள் எல்லாம் ஓடுகின்றன. இதைவிட உயர்ந்த ஒப்புதல் உலகில் உண்டா? முத்திரைக்காரர் பாறையிலிருந்து காலை எடுத்தார். அவர் போட்ட முடிச்சு அவராலேயே அவிழ்க்க முடியாதது என்பதால், மஞ்சத்துப் பக்கத்துக் கொக்கியைக் கழற்றிவிட்டு, கயிற்றோடு அப்படியே ஓடினார்.

நாற்காலி உயரத்திலிருந்து தலைமை அளவையாளர் புல்லில் இறங்கினார். அடி ஒன்றும் இல்லை. உயர விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்ததன் பலன் அது.

"மரம் எங்க?" என்றார் எழுந்து உட்கார்ந்து.

"சார், அது… பஸ் ஏறப் போயிருக்கு சார்."

மூன்று மணி பஸ் நாலு மணிக்குத்தான் வந்தது. அதற்குள் நாடகம் தொடங்கி, கடைசிக் காட்சியும் வந்துவிட்டது. மேடையில் ஒட்டு மீசைக் காவல்காரன் வசனத்தை மறந்து, ஈட்டியை இறுக்கிப் பிடித்தபடி, முன்வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியையே பார்த்து நின்றான். திரைக்குப் பின்னாலிருந்து டீச்சர் மூன்றாவது முறையாக எடுத்துக் கொடுத்துவிட்டார். அப்போது அரங்கக் கதவு படாரென்று திறந்தது. சட்டையெல்லாம் புல், இடுப்பில் வாலாக இழுபடும் கயிறு, நூற்றுப் பதினெட்டு கிலோ.

"மன்னர் வருகிறார், எல்லோரும் வழி விடுங்கள்!" என்று காவல்காரன் கூரை பிய்ந்துபோகக் கத்தினான். அரங்கமே எழுந்து வழி விட்டது. உள்ளே நுழையவிருந்த நிஜ மன்னனும் ஒதுங்கி நின்றான். சிரிக்கக் கூடாது என்ற உத்தரவை மறந்து, மீசை கழன்று விழும்வரை சிரித்தாள் பிள்ளை. முத்திரைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதார்.

திங்கட்கிழமை விசாரணை. குற்றச்சாட்டு: 'பணியிடத்தில் வேரூன்றி நில்லாமை'.

"நீங்க மரமா இருந்தீங்களா, இல்லையா?" என்றார் உதவி அளவையாளர்.

"இருந்தேன் சார்."

"மரம் நடக்குமா?"

"நடக்கல சார். ஓடிச்சு."

"லீவு சொல்லாம ஓடியிருக்கு!"

"மரத்துக்கு லீவு விதி கிடையாதுன்னு சார்தான் சொன்னாரு. கிடையவே கிடையாத லீவை எடுக்காம போயிட்டேன்னு எந்த விதியில சார் எழுதுவீங்க?"

விசாரணை ஒரு மணி நேரம் ஒத்திவைக்கப்பட்டது. மறுபடி கூடியபோது நீதி பிறந்திருந்தது. முத்திரைக்காரர் மேல் நடவடிக்கை இல்லை. பெருந்தன்மைக்குப் பேர்போன அலுவலகம் அல்லவா! நடந்த தவற்றிலிருந்து பாடம் கற்றுக்கொண்டு, ஒரு சுற்றறிக்கை மட்டும் வெளியிட்டது.

'தொங்குமஞ்சத் தேர்வில் எந்தக் குறையும் இல்லை. குறை மரத்தில். இனிவரும் முகாம்களில், குழந்தை குட்டி இல்லாத மரங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.'

படித்து ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாக, அடுத்த முகாமில் மரமாக நிற்க நேரக்கூடிய மற்றப் பதினேழு பேரும், ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள்.