நூறு டிகிரி உத்தரவு

தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்க வேண்டும் என்பதைத் தீர்மானம் போட்டு முடிவு செய்த உலகின் முதல் பள்ளி, மேகமலையில் இருந்த எங்கள் பள்ளிதான். இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு.

2003, பதினோராம் வகுப்புச் செய்முறைத் தேர்வு. கொதிநீரில் சூடேற்றிய பித்தளைக் குண்டைக் கலோரிமீட்டரில் உள்ள குளிர்ந்த நீரில் போட வேண்டும். நீர் எத்தனை டிகிரி ஏறுகிறது என்று பார்த்து, பித்தளையின் தன்வெப்பத்தைக் கணக்கிட வேண்டும். பிள்ளைகள் சிரமப்படக் கூடாதே என்று அளவுகளை நானே கரும்பலகையில் எழுதிவிடுவேன்: குண்டு 100, குளிர்நீர் 30, கலந்தபின் 34. முப்பத்தொன்பது பேர் ஸ்டவ்வைப் பற்றவைக்காமலே 'சோதனை'யை முடித்தார்கள். மண்ணெண்ணெய் மிச்சம்.

நாற்பதாவது ஆள் கிருபாவதி. தேயிலை பறிக்கும் பவுனுவின் மகள். அவள் ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். தெர்மாமீட்டரை வேறு பார்த்துத் தொலைத்தாள். அவள் தாளில் இருந்தவை: குண்டு 95, குளிர்நீர் 19, கலந்தபின் 23.

மாற்றி எழுதச் சொன்னேன். முடியாது என்றாள். தலைமையாசிரியர் ராஜமணி அவசரக் கூட்டம் கூட்டினார். பள்ளியில் இருந்த மூன்று தெர்மாமீட்டர்களையும் கொதிநீரில் விட்டோம். மூன்றும் 95-லேயே நின்றன. மூன்றும் 'பழுது' என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

பவுனுவை வரவழைத்து, மகளுக்குப் புத்தி சொல்லச் சொன்னோம்.

"இங்கன சோறு வேக நேரமாகும் சார்," என்றாள் பவுனு. "சின்னமனூருல என் தங்கச்சி வீட்டுல அதே அரிசி பொசுக்குன்னு வெந்துருது. மலைத் தண்ணி, சூடு பத்தாமலே கொதிச்சுருது."

உயரம் கூடினால் கொதிநிலை குறையும் என்று நானே நடத்தியிருக்கிறேன். ஆனால் அது வேறு பாடம். அன்றைய தேர்வு இந்தப் பாடத்துக்கு.

கிருபாவதி என்னைப் பார்த்து, "நீங்க ஒரு தடவையாச்சும் பத்தவச்சுப் பாத்தீகளா சார்?" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

தனியே உட்கார்ந்து இரண்டு கணக்கையும் போட்டுப் பார்த்தேன். புத்தகத்தில் உள்ள விடைக்கு, என் கரும்பலகையைவிட அவள் தாள் நெருக்கமாக இருந்தது. இதைத் தலைமையாசிரியரிடம் சொல்லி அவர் மனத்தைப் புண்படுத்த நான் விரும்பவில்லை.

சிக்கல் பெரியது. அவளைத் தேர்ச்சி பெறவைத்தால் முப்பத்தொன்பது பேர் தவறு. ஃபெயிலாக்கினால் பள்ளியின் நூறு சதவீதத் தேர்ச்சி போய்விடும். தலைமையாசிரியர் ஒரு மணி நேரம் யோசித்து, இரண்டுக்கும் இடம் தராத வழியைக் கண்டுபிடித்தார்: அவளுக்கு மாற்றுச் சான்றிதழ்.

எழுதும் பொறுப்பு எனக்கு. 'நடத்தை' என்ற இடத்தில் 'திருப்தி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பவுனு அதை மடித்து மடியில் செருகிக்கொண்டு, மகளோடு பஸ் ஏறினாள்.

காரணம் எழுத அந்தத் தாளில் இடம் விடவில்லை. விட்டிருந்தால், 'பார்த்ததை எழுதினாள்' என்று என் கையாலேயே எழுத வேண்டி வந்திருக்கும்.