எழுநூற்றுத் தொண்ணூற்றொன்று

பெண்டாட்டிக்குத் தெரியாமல் பெண்டாட்டி பேரில் கடன் வாங்கிப் படகு விடுவது என்று நீலமேகம் ஒரு வெள்ளிக்கிழமை முடிவு கட்டினான். அவன் பேரில் வாங்க வழியில்லை. அவன் தலையைக் கண்டாலே பேங்கில் ஃபேனை நிறுத்திவிடுவார்கள். பழைய படகு முகத்துவாரத்தில் உடைந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. கடன் மட்டும் உடையாமல் கரை சேர்ந்திருந்தது. அன்றிலிருந்து தம்பி படகில் கூலி. "அண்ணே, தண்ணி இறை" என்று தம்பி சொல்லும்போதெல்லாம் செத்துவிடலாம் போலிருக்கும்.

அதைவிடப் பெரிய பயம் பாடு. ஏரியில் இறால் படும் இடங்களில் முறை வைத்துத்தான் வலை கட்டுவார்கள். அந்த முறைக்குப் பேர் பாடு; அப்பன் வழியாக ஆண்பிள்ளைக்கு வரும் உரிமை. மூன்று வருஷம் வீட்டில் படகில்லாதவன் பேரை அந்தக் குப்பத்தில் அடித்துவிடுவார்கள். ஆவணி பிறந்தால் அவன் பேர் போய்விடும்.

பெண்டாட்டி பச்சையம்மா பதினோரு வருஷமாக மகளிர் குழுக் கடனை ஒரு வாரம் தவறாமல் கட்டுகிறவள். "நிவாரணப் பணம் ஏறிக்குதானு பாத்துட்டு வரேன்" என்று அவள் போனை வாங்கிக்கொண்டு, பழவேற்காடு கடைத்தெருவில் தனசேகர் வைத்திருந்த கம்ப்யூட்டர் கடைக்குப் போனான். போனைக் கொடுக்கும்போது அவள் ஒன்றுமே கேட்கவில்லை. அப்போதே அவன் உஷாராகியிருக்க வேண்டும்.

ஓடிபி வந்தது. வாங்கிய கடனுக்கெல்லாம் மார்க் போடும் சிபில் ரிப்போர்ட் திறந்தது.

"எழுநூத்தி தொண்ணூத்தி ஒண்ணு, அண்ணே. ஆபீசருக்கே இவ்ளோ இருக்காது."

"அப்ப லோனு கெடைக்கும்?"

"இரு, கீழ பாக்கணும். ஒரு கட்டம் ஒரு மாசம். அல்லாத்துலயும் சைபர். ஒருநாள்கூட லேட் பண்லனு அர்த்தம். அட..."

"இன்னா அட?"

"போன மாசம் புச்சா ஒரு லோனு ஏறிக்குது. ரெண்டு லட்சத்தி நாப்பதாயிரம். இதுக்கு மேல இப்ப எவனும் தரமாட்டான்."

"அவளுக்கு எதுக்குடா அவ்ளோ பணம்?"

"அண்ணியவே கேளு. இத்த எப்டி படிக்கிறதுனு ஆறு மாசம் முன்னாடியே எங்கிட்ட கத்துக்கினாங்க. மொதல்ல எடுத்துப் பாத்தது உன்னோட ரிப்போர்ட்டு."

"என்னோடதா? ஓடிபி?"

"கேஸ் மானியம்னு கேட்டாங்க. நீதான் போன்ல படிச்சி சொன்ன."

நீலமேகம் திரைப் பக்கம் குனிந்தான். "அதுல நகைக்கடன்லாம் காட்டுமா?"

"எந்த தேதி வாங்கின, எவ்ளோ வாங்கின, எப்பலேந்து கட்டல, அல்லாம் காட்டும்."

மகள் சுபஸ்ரீக்கென்று சேர்த்த நாலு பவுன் சங்கிலி அது. படகுக் கடன் வட்டிக்காக அடகு வைத்தான், மூழ்கிப்போனது. அதே மாதிரி கவரிங் வாங்கிப் பெட்டியில் போட்டுவைத்தான். அந்தக் கவரிங்கைத்தான் ஆறு மாசமாகத் தெரிந்தே பச்சையம்மா எடுத்து, துடைத்து, பஞ்சில் சுற்றிப் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. விளக்குமாற்றால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

வீட்டுக்கு வந்தபோது அவள் நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள்.

"லோனு இன்னாத்துக்கு?" என்றான்.

"படகுக்கு. திங்கக்கெழம வருது."

அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "பச்ச, எனக்காகவா..."

"பாடு உன் பேர்ல கீது. அத்த பொம்பள பேருக்கு மாத்தமாட்டானுங்க. அதுக்காக. படகும் வலையும் என் பேர்ல."

"சரி."

"வலையில படறத எப்டிய்யா பிரிப்பீங்க?"

"படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு."

"அப்ப மொத ரெண்டும் எனுது."

"ஆள் பங்கு?"

பச்சையம்மா அடுத்த நண்டை எடுத்தாள். "அது சுபஸ்ரீக்கு. சங்கிலி திரும்பி வர்ற வரிக்கும் உனுக்கு சோறு மட்டும்தான்."