வேப்பிலை எங்கள் மீனுக்குத்தான், சம்பந்தி

கும்மிடிப்பூண்டி,
22-2-1975, சனிக்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி, திருப்பாச்சூர் தேசப்பன் அவர்களின் சமூகத்திற்கு, கும்மிடிப்பூண்டி பைப் கம்பெனி ஸ்டோர் கீப்பர் இராமலிங்கம் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் மனைவி பச்சையம்மாவும் மகள் கன்னியம்மாவும் உடம்பில் ஒரு கொசுக்கடி கூட இல்லாமல் சௌக்கியம். இதை இரண்டு முறை படிக்கவும். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளையும், தங்கள் தொட்டியில் உள்ள தங்கமீன்களும் நலமாக இருக்க ஈசன் அருள் புரியட்டும். மீனைப் போய் யாராவது விசாரிப்பார்களா என்று நினைக்க வேண்டாம். இந்தக் கடிதமே மீனைப் பற்றியதுதான்.

தங்கள் கார்டு நேற்று வந்தது. "தங்கள் வீட்டில் அம்மை போட்டிருப்பதாகத் தரகர் துலுக்காணம் சொன்னார். வியாழக்கிழமை நிச்சயதார்த்தம் வேண்டாம். பிறகு பார்க்கலாம்" என்று மூன்றே வரி. பிறகு பார்க்கலாம் என்றால் நம் பக்கத்தில் என்ன அர்த்தம் என்பது எனக்குத் தெரியாததல்ல. போன வருஷம் சோழவரத்துச் சம்பந்தம் இதே இரண்டு வார்த்தையில்தான் போய்ச் சேர்ந்தது. அது கவரில் வந்தது, மானம் தப்பித்தது. தாங்கள் கார்டில் எழுதியதால் தபால்காரர் தெருமுனையிலேயே படித்துவிட்டு, துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்து நீட்டினார். கன்னியம்மா நிச்சயதார்த்தத்துக்கு எடுத்த புடவையை மடித்துப் பெட்டியில் வைத்து மூடிவிட்டாள். எனக்கு இருப்பது ஒரே பெண், சம்பந்தி. அதனால் வெட்கத்தை விட்டு நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பெண் பார்க்க வந்தபோது தாங்கள் ஒரு பித்தளைத் தூக்கில் நான்கு தங்கமீன்கள் கொண்டுவந்தீர்கள். மற்றவர்கள் பூவும் பழமும் கொண்டு வருவார்கள், எங்கள் சம்பந்தி உயிரையே கொண்டு வந்திருக்கிறார் என்று தெருவெல்லாம் பெருமையடித்தேன். தங்கள் கண் முன்னாலேயே தூக்கைக் கவிழ்த்து, என் வீட்டுச் சிமெண்ட் தொட்டியில் ஏற்கெனவே இருந்த கலர் கெண்டைகளோடு சேர்த்துவிட்டேன். தாங்களும் "சொந்தம் சேந்துட்ச்சி" என்று கைதட்டினீர்கள். போன வாரம் பார்த்தால் தங்கள் மீன் இரண்டின் கன்னத்தில் முத்து முத்தாக வெள்ளைப் புள்ளிகள். கலர் கெண்டைகளின் துடுப்பிலும் முதுகிலும் மெழுகு சொட்டினாற்போல் கட்டிகள். நான் பச்சையம்மாவைக் கூப்பிட்டது என் வாழ்நாளில் செய்த பெரிய தவறுகளில் ஒன்று. அவள் தொட்டியை எட்டிப் பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அம்மா வந்துகீறா" என்றாள்.

"மீனுக்கா?"

"வாயக் கழுவு. அவளுக்கு மனுசன் இன்னா, மீனு இன்னா? எந்த ஊட்டுக்கு வரணும்னு உன்னைக் கேட்டுக்கினா வருவா?"

அரை மணி நேரத்தில் வாசலில் வேப்பிலைக் கொத்து ஏறிவிட்டது. தொட்டியில் மஞ்சள் தண்ணீர், அதன் மேல் வேப்பிலை, அதன் மேல் ஒரு செம்பு கூழ். மூன்றாம் நாள் தண்ணீர் புளித்து, தொட்டிப் பக்கம் போனால் கள்ளுக்கடை வாசனை வந்தது. வீட்டில் தாளிப்பு இல்லை, எண்ணெய் இல்லை. அம்மை மீனுக்கு, பத்தியம் எனக்கு. பழவேற்காட்டிலிருந்து கூடை கொண்டுவருகிற முத்தம்மாள் வேப்பிலையைப் பார்த்துவிட்டு வஞ்சிரத்தோடு அடுத்த தெருவுக்குப் போய்விட்டாள். அன்று நான் பட்ட பேஜாரு சொல்லி முடியாது.

இந்த லட்சணத்தில்தான் துலுக்காணம் வந்து சேர்ந்தார். சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "இன்னா பச்சையம்மா, வேப்பில கட்டிக்கினு கீற? ஆருக்கு?" என்று கேட்டிருக்கிறார். அம்மை கண்ட வீட்டில் யாருக்கு என்று பெயர் சொல்லக் கூடாது என்பது தங்களுக்குத் தெரியும். இவள் பெயரைச் சொல்லவில்லை. "அம்மா வந்துகீறா. உள்ள வராதே, போ" என்று மட்டும் சொல்லிவிட்டு உதட்டில் விரலை வைத்திருக்கிறாள். மீனுக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். மனிதர் சைக்கிளைத் திருப்பிய வேகத்தைப் பார்த்தவர்கள், சோழவரத்து மோட்டார் பந்தயத்தில் அவரை விட்டிருக்கலாம் என்கிறார்கள்.

அதோடு விட்டதா? ஊர் ஊராகப் பெரியம்மை தேடிக்கொண்டு வருகிற சுகாதார ஆள் ஒருவர் வேப்பிலையைப் பார்த்துவிட்டு நோட்டும் ஊசியுமாக உள்ளே வந்தார். நோயாளியைக் காட்டு என்றார். தொட்டியைக் காட்டினேன். எட்டிப் பார்த்தார், என்னையும் ஏற இறங்கப் பார்த்தார். "நைனா, நோட்ல ஏதாச்சும் எழுதிக்கினு போகலன்னா மேல கேப்பாங்க" என்று சொல்லி எங்கள் மூவருக்கும் குத்திவிட்டு, எழுத உட்கார்ந்தார். நோயாளி பெயர் என்ற இடத்தில் தங்கமீன், இரண்டு. தகப்பன் பெயர் என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்டார். கொடுத்தவர் யார் என்று கேட்கிறார் என நினைத்து நான் தங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன். மன்னிக்கவும். மையால் எழுதிவிட்டார்.

பிறகுதான் எனக்குப் புத்தி வந்து மீன்துறையில் வேலை பார்க்கும் ஜோசப்பைப் பிடித்தேன். எங்கள் கம்பெனி வாசல் டீக்கடைக்கு வருகிறவர். மீனைப் பார்க்க நேரமில்லை, வாயால் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். மஞ்சள் தண்ணீர், கூழ் என்றதும் கடித்த வடையை அப்படியே கையில் வைத்துக்கொண்டார்.

"நல்லா கேட்டுக்கோ சார். உப்பு தூவுனா மாதிரி பொடிப் புள்ளி, மீனு செவுத்துல ஒடம்பத் தேச்சிக்கினே கீதுன்னா அது பூச்சி. பஞ்சு ஒட்டுனா மாதிரி இருந்தா பூசணம். அதுக்கெல்லாம் வைத்தியம் உண்டு. மெழுகு சொட்டுனா மாதிரி வழவழன்னு கட்டி வந்தா அது வைரஸ். உங்க ஊட்டம்மா சொன்னதும் சரிதான், அது மீனுக்கு வர்ற அம்மைதான்."

"மருந்து?"

"மருந்து கெடையாது. ஆனா அதுவா சாவடிக்காது. இன்னும் பொல்லாத வைரஸ் கீது, அது வந்தா மீனு மேல வந்து மூச்சு வாங்கும், வயிறு ஊதும், செதிலுக்கடியில ரத்தம் கட்டும், ஒண்ணு பின்னால ஒண்ணா மெதக்கும். அப்ப ஒரு மீனக் கூட வெளிய அனுப்பாம எங்க ஆபீசுக்கு ஓடி வரணும். புது மீன இன்னா பண்ணே?"

"அப்படியே தொட்டியில ஊத்தினேன்."

ஜோசப் தலையில் அடித்துக்கொண்டார். புதிதாக வந்த மீனை ஒரு மாதமாவது தனி அண்டாவில் வைத்து, உடம்பில் ஏதாவது கிளம்புகிறதா என்று பார்த்த பிறகுதான் பழைய மீனோடு விட வேண்டுமாம். அந்த அண்டாவுக்குத் தனி வலை, தனி வாளி. வலையை அலசி வெயிலில் நன்றாகக் காய வைக்க வேண்டும். இங்கே கை விட்டுவிட்டு அங்கே விடக் கூடாது. தொட்டியில் மீனைத் திருவிழாக் கூட்டம்போல் அடைக்கவும் கூடாது. கட்டி உதிர்ந்துவிட்டால் குணமாகிவிட்டது என்று நம்பக் கூடாதாம், வைரஸ் உள்ளேயே படுத்திருக்குமாம். அதனால் நோய் கண்ட தொட்டியிலிருந்து யாருக்கும் மீன் கொடுக்கவே கூடாது என்றார். மாப்பிள்ளைக்கு மூன்று ஊரில் விசாரித்தோம். மீனுக்கு ஒரு வார்த்தை விசாரிக்காமல் போய்விட்டேன்.

சம்பந்தி, நான் தங்களைக் குறை சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். ஆனால் என் கலர் கெண்டைகள் சாதாரணக் கெண்டைகள் அல்ல. எங்கள் கம்பெனியில் மெஷின் பூட்ட வந்த ஜப்பான் இன்ஜினியர் ஊர் திரும்பும்போது, என் கையைப் பிடித்துக்கொண்டு ஒப்படைத்துவிட்டுப் போனவை. ஜப்பான்காரன் தொட்ட சாமானில் குறை இருக்குமா? திருப்பாச்சூர் தண்ணீரில் வளர்ந்த மீனைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. வந்தது எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. தாங்களே யோசித்துக்கொள்ளுங்கள். சீதனம் போலக் கொடுத்ததை நோய் என்று திருப்பி அனுப்புகிற குணம் எங்கள் வம்சத்தில் கிடையாது. பெருந்தன்மையாக வைத்துக்கொள்கிறோம்.

ஆகவே அம்மை மனிதருக்கு இல்லை என்பதை மனதில் கொண்டு, வியாழக்கிழமை காலை குறித்த நேரத்தில் உற்றார் உறவினருடன் வந்து நிச்சயதார்த்தத்தை நடத்தித்தர வேண்டுகிறேன். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். சம்பந்தியம்மாளுக்குப் பச்சையம்மாவின் நமஸ்காரம். துலுக்காணத்துக்கு எங்கள் நமஸ்காரம் எதுவும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பும் பொறுமையும் உள்ள,
கு. இராமலிங்கம்.

பி.கு.: கவரை ஒட்டப் பசை எடுக்கும்போது ஜோசப் பூதக்கண்ணாடியோடு வந்துவிட்டார். முதலில் தங்கள் மீனைப் பார்த்தார். "இது நோயே இல்ல சார். ஆம்பள மீனு. முட்ட போடுற காலம் வந்தா செவுள் மேல இப்டித்தான் முத்து முத்தா கெளம்பும். இது மாப்ள களை" என்றார். பிறகு கலர் கெண்டையைக் கையிலெடுத்தார். "அம்மை இதுக்குத்தான். குளிர்ல வரும், வெயில்ல மறையும்" என்றார். அப்போது பச்சையம்மா, "போன மார்கழியிலயும் இதுக்கு இருந்துச்சே, கரண்ட்டு போன அன்னிக்கு மெழுகுவத்தி சொட்டிச்சின்னு நெனச்சிக்கினேன்" என்று வாயைத் திறந்தாள். போன மார்கழியில் தங்கள் மீன் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஆக, மேலே ஜப்பானையும் திருப்பாச்சூரையும் பற்றி எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும்.

இன்னொன்று. "இதுல எதையாச்சும் ஆருக்காச்சும் குடுத்தியா?" என்று ஜோசப் கேட்டார். நான் பச்சையம்மாவைப் பார்த்தேன், அவள் வானத்தைப் பார்த்தாள். தங்கள் பித்தளைத் தூக்கை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாதே என்று, அன்று வீட்டில் சர்க்கரை இல்லாததால், இரண்டு கலர் கெண்டைகளைப் போட்டுத் துலுக்காணத்திடம் கொடுத்தனுப்பியது தாங்கள் அறிந்ததே. அவற்றைத் தனி அண்டாவில் விட்டிருந்தால் தாங்கள் புத்திசாலி. என்னைப்போல் கவிழ்த்திருந்தால், எங்கள் வாசல் வேப்பிலையை அவிழ்த்துவிட்டோம், இனி தாங்கள் கட்டிக்கொள்ளலாம்.

அதற்காகத் தாங்கள் கலங்க வேண்டாம். அம்மை போட்ட வீடு என்று சம்பந்தத்தை விட்டு ஓடுகிறவர்கள் நாங்கள் இல்லை. அம்மை கண்ட வீட்டார் வெளியூர் கிளம்பக் கூடாது என்பதால், வியாழக்கிழமை நாங்களே அங்கு வந்து நிச்சயம் செய்துகொள்கிறோம். மீன் எதுவும் கொண்டுவர மாட்டோம்.